உதவுகிறவரைக் கட்டும் ஒப்பந்தம்

அகதிகள் மீதான இரக்கத்துக்கு உலகில் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு புகைப்படம் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தால் போதும். துணி மூட்டைகளும் பாத்திரங்களும் காசோலைகளும் வந்து குவியும். பஞ்சம் வருவது அதற்குப் பிறகுதான். புது ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் நாலாவது மாதம் யாருக்கோ பல்வலி வருகிறது. பள்ளியிலிருந்து புரியாத மொழியில் ஒரு கடிதம் வருகிறது. வீட்டு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தன் வேலையை விட்டுவிட்டு உடன் வர அப்போது ஒருவர் வேண்டும். துணி மூட்டை கொடுத்தவர் அந்த நேரத்தில் கிடைப்பாரா? அவர் நல்லவரா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இரக்கம் தானாக வருகிறது, தானாகவே வடிந்தும் விடுகிறது. அதை ஓராண்டுக்காவது பிடித்து நிறுத்த வேறொன்று தேவைப்படுகிறது. கனடா நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் ஒரு திட்டத்தில் அதற்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உதவ முன்வருபவர் எழுத்து மூலமாகக் கட்டுப்பட வேண்டும். உதவி பெறும் குடும்பமோ அவருக்கு எந்த வகையிலும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் புது மண்ணில் வேர்விடும். ஒன்று குறைந்தாலும் உதவி வெறும் தர்மமாகச் சுருங்கிவிடும்.

கனடா 1976-ல் நிறைவேற்றி 1978-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தில், பொதுமக்களே அகதிகளை ஸ்பான்சர் செய்து வரவழைக்கலாம் என்றோர் ஏற்பாடு இருந்தது. அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. போர் முடிந்த வியட்நாமிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைப் படகுகளில் வந்தவர்களால் மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங் முகாம்கள் நிரம்பி வழிந்தன. 1979 மார்ச்சில் மென்னோனைட் மத்தியக் குழு அரசுடன் முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பல அந்தச் சமயப் பிரிவில் உண்டு; ஏதிலியாக வந்து இறங்குவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் ஹோவர்ட் அடெல்மன் ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு 8,000 பேர், அதில் இன்னும் 4,000 பேர் வர வேண்டியிருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னபோது, அந்த 4,000 பேரையும் எங்கள் நகரமே ஏற்கும் என்றார் ஒட்டாவா மேயர் மரியன் டுவார். ஜூலையில் ஜோ கிளார்க் அரசு இலக்கை 50,000 ஆக உயர்த்தியது. மக்கள் ஒருவரை ஏற்றால் அரசும் ஒருவரை ஏற்கும் என்பது கணக்கு. 1980 முடிவதற்குள் 60,000 பேர் வந்து சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களை ஏற்றது பொதுமக்களின் குழுக்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் விருது 1986-ல் ‘கனடா மக்களுக்கு’ வழங்கப்பட்டது. ஒரு நாட்டின் மக்கள் முழுவதற்கும் அந்த விருது தரப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அந்த அலைக்குப் பின்னால் ஒரு வெட்கமும் இருந்தது. 1939-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து 900-க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிவந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலுக்குக் கனடா கதவைத் திறக்கவில்லை. அந்தக் காலத்து அரசின் மனப்போக்கை ஆராய்ந்த ஹரோல்ட் ட்ரோப்பர், இர்விங் அபெல்லா என்ற இரண்டு வரலாற்றாசிரியர்களின் கையெழுத்துப் பிரதி, புத்தகமாக வருவதற்கு முன்பே 1979-ல் குடிவரவு அமைச்சர் ரான் ஆட்கியின் மேஜைக்கு வந்தது. தன்னை அந்தப் பழைய அரசின் வரிசையில் வைத்து வரலாறு பேசக் கூடாது என்ற எண்ணம் அவர் முடிவுகளைப் பாதித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நல்ல கொள்கைகள் பெருமிதத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை.

திட்டத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பலமே அந்தச் சின்ன விதிகளில்தான் இருக்கிறது. ஸ்பான்சர் செய்ய மூன்று வழிகள் உண்டு: அரசுடன் நிலையான உடன்பாடு வைத்திருக்கும் அமைப்புகள் (பெரும்பாலும் சமய அமைப்புகள்), உள்ளூர்ச் சங்கங்கள், மூன்றாவதாக ‘ஐவர் குழு’. பதினெட்டு வயது நிறைந்த, கனடாவில் நிலையாக வாழும் உரிமை பெற்ற ஐந்து பேராவது ஒன்றுசேர வேண்டும். அகதிக் குடும்பம் குடியேறப்போகும் ஊரிலேயே அவர்கள் வசிக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஓராண்டுச் செலவுக்கு 30,000 டாலருக்கும் மேல் பணமோ அதற்கு ஈடான ஏற்பாடோ இருப்பதைக் காட்ட வேண்டும். யார் விமான நிலையத்துக்குப் போவது, முதல் வாரம் எங்கே தங்கவைப்பது, மொழி வகுப்பில் யார் சேர்ப்பது என்பதையெல்லாம் எழுதிய குடியமர்த்தல் திட்டம் ஒன்றை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். பொறுப்பின் காலம் பொதுவாகப் பன்னிரண்டு மாதம். குடும்பம் அதற்கு முன்பே சொந்தக் காலில் நின்றுவிட்டால் அப்போதே முடியும். இத்தனைக்கும் கையெழுத்திடுவது உதவுகிறவர்கள். மறுபக்கத்தில், வந்திறங்கும் குடும்பத்துக்கு விமான நிலையத்திலேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது பி.ஆர்., கிடைத்துவிடுகிறது. ஸ்பான்சரோடு மனக்கசப்பு வந்தாலும் அது பறிபோகாது. ஐந்தாண்டுக்குள் மூன்றாண்டு அங்கே வாழ்ந்துவிட்டால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். செலவழித்த பணத்தைக் குடும்பத்திடம் திருப்பிக் கேட்க ஸ்பான்சருக்கு அனுமதி கிடையாது.

கடமை ஒரு பக்கம், உரிமை மறுபக்கம் என்று இப்படிப் பிரித்து வைத்ததால் என்ன நடக்கிறது என்பதை வாடகை வீடு தேடும் வேலையில் தெளிவாகப் பார்க்கலாம். கனடாவில் வீட்டுக்காரர் கேட்பது கடன் வரலாறு, சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் பரிந்துரை. மூன்றும் அலெப்போவிலிருந்தோ கந்தஹாரிலிருந்தோ வந்தவரிடம் இருக்காது. அரசு அலுவலகம் தரக்கூடியது பணமும் ஒரு பட்டியலும். ஐவர் குழுவில் ஒருவர், இந்தக் குடும்பத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால் கதவு திறக்கிறது. வேலையிலும் இதே கதைதான். பெரும்பாலான முதல் வேலைகள் விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. பல் மருத்துவரின் தம்பி மரப்பட்டறை வைத்திருக்கிறார், அங்கே ஆள் தேவைப்படுகிறது என்ற வகையில்தான் கிடைக்கின்றன. பிறந்த ஊரில் நமக்கு இந்த ‘தெரிந்தவர்கள்’ கேட்காமலே கிடைத்துவிடுகிறார்கள். அதனால் அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. அகதி இழந்தவற்றில் வீட்டுக்கும் நிலத்துக்கும் அடுத்தபடியாக வருவது, தெரிந்தவர்கள் என்ற அந்தச் செல்வம். அதைப் பணமாகக் கொடுக்க முடியாது. கட்டுப்பட்ட சில மனிதர்கள் தங்களுடையதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இதற்குச் சான்று உண்டா? 2015 நவம்பரிலிருந்து 2016 பிப்ரவரி வரை கனடா ஏற்ற 25,000 சிரியா அகதிகளை வைத்து அரசே ஒரு மதிப்பீடு செய்தது. குழுக்கள் ஏற்ற பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் ஆண்டுக்குள்ளேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்; அரசு நேரடியாக ஏற்றவர்களில் அது பத்தில் ஒருவர். இந்த வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. அரசு ஏற்பது பெரும்பாலும் ஐ.நா. ஆணையம் அனுப்பும் மிக நலிந்த குடும்பங்களை: பிள்ளைகள் அதிகம், நோயாளிகள் அதிகம், ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாதவர்கள் அதிகம். குழுக்கள் ஏற்றவர்களில் படித்தவர்களும் முன்பே உறவினர் இருப்பவர்களும் கூடுதல். ஆனால் இந்த வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, வந்ததிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரையிலான வருமானப் பதிவுகளைப் பின்தொடர்ந்த ஆய்விலும் குழுக்கள் ஏற்றவர்களே வேலையிலும் வருமானத்திலும் முன்னால் இருந்தார்கள். அதிலும் குறைவாகப் படித்தவர்களுக்குத்தான் கூடுதல் பலன். இந்தக் கடைசி விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பட்டதாரி எப்படியோ வழி கண்டுபிடித்துவிடுவார். எட்டாம் வகுப்போடு நின்ற தச்சருக்குத்தான் அறிமுகம் செய்துவைக்க ஆள் வேண்டும்.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஆண்டிகோனிஷ் என்ற சின்ன ஊரில் நடந்தது உலகம் அறிந்த கதை. டமாஸ்கஸில் சாக்லேட் தொழிற்சாலை நடத்திய ஹதாத் குடும்பத்தின் ஆலை 2012-ல் குண்டுவீச்சில் அழிந்தது. லெபனானில் அகதிகளாக இருந்துவிட்டு, 2015 டிசம்பரில் மகன் தாரெக்கும் அடுத்த மாதம் மற்றவர்களும் அந்த ஊர்க் குழு ஒன்றின் பொறுப்பில் கனடா வந்தார்கள். வீட்டுச் சமையலறையில் செய்த சாக்லேட்டை ஊர்ச் சந்தையில் விற்றார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை கட்டிக்கொடுத்தார்கள். ‘பீஸ் பை சாக்லேட்’ என்ற நிறுவனம் பிறந்தது. அந்த ஊரின் பழைய வரலாறும் இதில் சேர்கிறது. 1920-களிலும் முப்பதுகளிலும் மீனவர்களையும் விவசாயிகளையும் கூட்டிவைத்துக் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கிய மோசஸ் கோடியின் ஆண்டிகோனிஷ் இயக்கம் இங்கேதான் வளர்ந்தது. பட்டறை கட்ட ஆள் சேர்ப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அகதி என்றால் தொழிலதிபராகி, நூறு பேருக்கு வேலை கொடுத்து, நாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. குண்டுக்குத் தப்பி வந்து, சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு ஓய்வுபெறும் மனிதரும் நன்றாகவே குடியமர்ந்தவர்தான். அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள், அவ்வளவே.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். மிக வலுவானது, உதவி ஆதிக்கமாக மாறிவிடும் என்பது. கற்பனைப் பயமல்ல இது. திட்டத்தை ஆராய்ந்தவர்கள் தொடர்ந்து பதிவு செய்துவரும் குறை. பணம் கொடுப்பவர்களுக்கு, அந்தப் பணத்தில் ஏன் பெரிய டிவி வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அம்மா எப்போது வேலைக்குப் போவது, ஃப்ரிட்ஜில் என்ன இருக்க வேண்டும் என்று கருத்துச் சொல்லத் தோன்றுகிறது. சமய அமைப்பு ஸ்பான்சர் செய்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராத குடும்பத்தின் மேல் மெல்லிய வருத்தம் படிகிறது. மொழி தெரியாத, யாரையும் தெரியாத ஒருவர், தன்னை வரவழைத்தவரிடம் முடியாது என்று சொல்வது எளிதல்ல. இந்த எதிர்ப்பை நான் முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் அது கட்டுப்பாட்டின் தேவையைத்தான் நிரூபிக்கிறது. எழுதாத உதவியில் உதவுகிறவரின் மனநிலையே சட்டம். எழுதிய உதவியில், மாதச் செலவுப் பணம் குடும்பத்தின் வசம் போக வேண்டும், செலவு அவர்கள் முடிவு, சமய வற்புறுத்தல் கூடாது என்று முன்கூட்டியே வகுத்துவிட முடிகிறது. ஸ்பான்சர்களுக்கென்றே அரசு நிதியில் இயங்கும் பயிற்சித் திட்டமும் இருக்கிறது.

அனுபவமுள்ள குழுக்கள் கடைப்பிடிக்கும் சில நடைமுறைகளைத் தெரிந்துகொண்டால் இந்த விஷயம் எவ்வளவு நுட்பமானது என்று புரியும். மருத்துவரிடம் போகும்போது ஆங்கிலம் சீக்கிரம் பழகிக்கொண்ட பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைக்கமாட்டார்கள். தாயின் கருப்பை வலியையும் தந்தையின் தூக்கமின்மையையும் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது இருவரையும் வதைக்கும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடுவார்கள். விமான நிலையத்தில் இருபது பேர் பூங்கொத்தோடும் கேமராவோடும் நிற்பதைத் தவிர்த்து இரண்டு பேர் மட்டும் போவார்கள். என்ன நடந்தது, யார் செத்தார்கள் என்று கேட்கமாட்டார்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். இரண்டாவது மாதத்திலேயே, எல்லா இடத்துக்கும் காரில் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டுப் பேருந்தில் உடன் போய் வழி காட்டுவார்கள். காரில் கூட்டிப்போவது எளிது, மனதுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் பேருந்து எண் தெரிந்துகொண்ட அன்றுதான் அந்தத் தாய் தானாக வெளியே போகிறார். குடும்பம் ஆறாவது மாதத்தில், டொராண்டோவில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், நாங்கள் அங்கே போகிறோம் என்று சொன்னால், சின்ன ஊர்க் குழுவுக்கு நெஞ்சு அடைக்கும். இவ்வளவு செய்தோமே என்று தோன்றும். போகும் உரிமை அவர்களுடையது. பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகும் சிலருக்கு வேலை கிடைப்பதில்லை; பதின்மூன்றாம் மாதம் அவர்கள் மாகாண அரசின் சமூக உதவித்தொகைக்கு மாறுகிறார்கள். அதைத் தோல்வி என்று குழு நினைத்தால், அது குடும்பத்தின் முகத்திலும் தெரியும். உதவுகிறவருக்கு இத்தனை அடக்கம் தேவைப்படுகிறது என்பதால்தான் நல்ல மனது மட்டும் போதாது என்கிறேன்.

இரண்டாவது எதிர்ப்பு அரசியல் சார்ந்தது. அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது அது. குழுக்கள் ஏற்பது, அரசு ஏற்பதற்கு மேலதிகமாக இருக்க வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. ஆனால் கடந்த பல ஆண்டுகளில் அரசு நேரடியாக ஏற்றவர்களை விடக் குழுக்கள் ஏற்றவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. மேலதிகம் என்பது மெல்ல மாற்று ஏற்பாடாகிறதோ என்ற கவலை நியாயமானது. மக்கள் தயாராக இருந்தும் அரசின் கதவு சாத்தியிருந்தால் எதுவும் நடக்காது என்பதும் உண்மை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் உயிரற்று ஒதுங்கிய ஆலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் அத்தை டீமா குர்தி கனடாவில்தான் இருந்தார். தன் இன்னொரு சகோதரரின் குடும்பத்தை ஐவர் குழு மூலம் வரவழைக்க அவர் விண்ணப்பித்திருந்தார். அகதி என்று அங்கீகரிக்கும் சான்று இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. 2012-ல் கொண்டுவந்த ஒரு விதி அந்தச் சான்றைக் கேட்டது. துருக்கியில் இருந்த சிரியர்களுக்கோ அது கிடைப்பது அரிது. ஐந்து கையெழுத்தும் பணமும் வீடும் தயாராக இருந்து ஒரு தாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2024 நவம்பரில், தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்களைக் காரணம் காட்டி, ஐவர் குழுக்களிடமிருந்தும் உள்ளூர்ச் சங்கங்களிடமிருந்தும் புதிய விண்ணப்பம் வாங்குவதையே அரசு நிறுத்திவைத்தது. ஆகவே தன்னார்வலர் அரசின் இடத்தை நிரப்புவதில்லை, நிரப்பவும் முடியாது. சட்ட உரிமையை அரசு கொடுக்க வேண்டும், அறிமுகத்தை மக்கள் கொடுக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இடம்கொடுக்கக் கூடாது.

நம் ஊர் ஏழைகள் இருக்கும்போது வெளியூர் அகதி எதற்கு என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எழுகிறது. வீட்டு வாடகை ஏறிக்கிடக்கும் நகரங்களில் அது வெறும் வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்கத் தக்கதல்ல. ஆனால் அகதி வராவிட்டால் வீடற்றவருக்கு வீடு கிடைத்துவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. வாடகைச் சிக்கலின் வேர் வீடு கட்டும் கொள்கையில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. பிரிட்டன் 2022 மார்ச்சில் உக்ரைனியர்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அங்கே மக்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கினார்கள். மாதம் 350 பவுண்டு நன்றித் தொகை, குறைந்தது ஆறு மாதம் என்பது ஏற்பாடு. பெருந்தன்மையில் குறையில்லை. ஆனால் ஒரே சமையலறை, ஒரே குளியலறை என்று வாழும்போது விருந்தாளி எத்தனை நாள் விருந்தாளியாக இருக்க முடியும்? ஆறு மாதம் கழித்துத் தனி வீடு கிடைக்காமல் உள்ளாட்சி மன்றங்களின் அவசரத் தங்குமிடங்களை நாடியவர்கள் பலர். விசாவும் மூன்றாண்டுக்கே தரப்பட்டது. உதவுகிறவரின் கடமை குறுகியதாகவும், வந்தவரின் உரிமை தற்காலிகமானதாகவும் இருந்தால் எத்தனை நல்ல மனதும் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

கனடாவைப் புகழ்வதிலும் ஓர் எல்லை உண்டு, அதைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். ஸ்பான்சர் திட்டம், கனடாவே தேர்ந்தெடுத்து விமானத்தில் வரவழைப்பவர்களுக்கானது. ஈழத் தமிழரில் பெரும்பாலோர் அப்படி வரவில்லை. தாங்களாகவே எப்படியோ வந்து சேர்ந்து தஞ்சம் கேட்டார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீனவர் காப்பாற்றிக் கரைசேர்த்தார். அவர்களுக்குக் காத்திருந்த ஐவர் குழு எதுவுமில்லை. ஆனால் தங்கி வேலைசெய்ய அரசு அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே வந்திருந்த தமிழர்கள் தோள்கொடுத்தார்கள். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர்கள் பசிபிக் கரையை அடைந்தபோது நிலைமை வேறாக இருந்தது. குழந்தைகள் உட்பட அவர்கள் தடுப்புக் காவலுக்குப் போனார்கள். பலர் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அழைக்கப்பட்டு வந்தவருக்குப் பூங்கொத்து, தானாக வந்தவருக்குக் காவல் என்ற இந்தப் பிரிவினை தன்னார்வலர்களின் மனதிலும் ஏறிவிடக்கூடும். நல்ல அகதி, கெட்ட அகதி என்று பிரிப்பது அவர்களின் வேலையல்ல. இருவரும் ஓடிவந்தது ஒரே தீயிலிருந்து.

தமிழ்நாட்டில் இந்த வாதத்தைப் பொருத்திப் பார்த்தால் படம் தலைகீழாக இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலை அலையாக வந்த இலங்கைத் தமிழர்களில் ஏறக்குறைய ஐம்பத்தெட்டாயிரம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருப்பதாகவும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்துகொண்டு முகாமுக்கு வெளியே இருப்பதாகவும் அரசுக் கணக்குகள் சொல்லிவந்திருக்கின்றன. மொழி தடையில்லை, உணவு தடையில்லை, அரசுப் பள்ளி திறந்திருக்கிறது, ரேஷனும் மாதப் பணக்கொடையும் உண்டு. 2021-ல் மாநில அரசு பழுதான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. உதவுகிறவர்களின் கட்டுப்பாட்டுக்கும் இங்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் தன்னார்வலர்கள் பெரும்பாலும் அகதிகளே. மாலை வகுப்பு, ஊட்டச்சத்து, பெண்களின் சுய உதவிக் குழு, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றும் இலங்கைக் குடியுரிமை ஆவணமும் பெற்றுத்தருவது என்று பல்லாண்டுகளாக வேலை நடக்கிறது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை வந்த காலத்தையும் தாண்டி அது நின்றிருக்கிறது.

இல்லாதது மற்றொரு பாதி. கனடாவில் விமான நிலையத்திலேயே கிடைக்கும் உரிமை இங்கே நாற்பது ஆண்டுகளாகியும் கிடைக்கவில்லை. இந்தியா 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் சொன்னாலும், முகாமில் பிறந்தவர் அதை நீதிமன்றத்தில் போய்த்தான் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வழியும் இல்லை. மாலை வகுப்பில் படித்த பையன் பொறியியல் கல்லூரி வரை போகிறான். பட்டம் வாங்கிய பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, தனியார் நிறுவனம் கேட்கும் பாஸ்போர்ட் இல்லை, சான்று சரிபார்ப்பில் முகாம் முகவரி நிற்கிறது. கடைசியில் அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போகிறான். தம்பிக்கு அது தெரிகிறது. அவனுக்குப் படிப்பில் நாட்டம் குறைகிறது. தன்னார்வ உழைப்பில் இங்கே குறையில்லை. அது முட்டி நிற்கும் கூரை சட்டத்தால் போட்டது.

அவர்கள் திரும்பிப் போகப்போகிறவர்கள்தானே என்று இதற்குப் பதில் சொல்வார்கள். போக விரும்புகிறவர்களுக்கு உதவுவதும் நியாயம்தான். போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கானோர் போயும் இருக்கிறார்கள். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம் முடித்து, அடுத்த தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவரிடம் ‘திரும்பிப் போ’ என்பதற்கு என்ன பொருள்? அவர் புறப்பட்ட இடம் இங்கேதான் இருக்கிறது. இரண்டில் எதை வேண்டுமானாலும் அவரே தேர்ந்துகொள்ளும் நிலை வர வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனைக்கு உள்ளாகமாட்டார்கள் என்கிறது அது. குடியுரிமைக்கான பாதை அதில் இல்லை. ஆனால் பதிவு என்ற ஒரு சொல்லில் எல்லாம் தொங்குவதால், முகாம்களுக்குப் பக்கத்து ஊர்களில் இருக்கும் வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தாசில்தார்கள் செய்யக்கூடிய வேலை இன்றைக்கே காத்திருக்கிறது. வந்த தேதியைக் காட்டும் பழைய பதிவுகள், பிறப்புச் சான்றுகள், திருமணப் பதிவுகள், பெயரில் எழுத்து மாறிக் கிடக்கும் பள்ளிச் சான்றிதழ்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருப்பதை எடுத்து வரிசைப்படுத்தி, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கித்தர வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து பத்துக் குடும்பங்களுக்கு ஓராண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டு இதைத் தொடங்கலாம்.